நெசவுக்கூடத்துச் சிமெண்டுத் தளம்

தளம் பொடிந்து தூசி எழுந்தால் பாவும் ஊடும் அழுக்குறும். சேலையின் மதிப்புக் குறையும்.

பழைய வழவழப்பின் மேலேயே மெல்லிய காரை பூசுவது பலர் செய்யும் பிழை. பிடிப்பின்றி அது விரைவில் பெயர்ந்துவிடும். தளத்தைத் தட்டிப் பார்த்து, பொள்ளலோசை எழும் இடங்களைக் கொத்தி அகற்றுக. எஞ்சிய பரப்பையும் உளியால் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப்பசை நீங்கக் கழுவி, ஓரிரவு நனைத்து வைக்க வேண்டும். மறுநாள் தேங்கிய நீரைத் துடைத்துச் சிமெண்டுப் பாலைத் தடவி, அது உலருமுன் 1 பங்கு சிமெண்டும் 3 பங்கு மணலும் சேர்ந்த காரையை ஓரங்குல கனத்தில் பரப்புக. நீர் மிகுந்தால் தளம் மீண்டும் பொடியும்.

பின்னர் 7 நாட்களாவது ஈரம் காத்தல் இன்றியமையாதது. தறி நிற்கிறதே என்று அவசரப்பட்டால் சிமெண்டும் கூலியும் வீணாகும். ஆதலின் ஒரு பாவு முடிந்து மறுபாவு பிணைக்குமுன் இவ்வேலையை வைத்துக்கொள்வதே அங்கத்தினர்களுக்கு உகந்தது.