பொன் தேடிப் போன தோட்டக்காரர்

1851இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவிலே பொன் கிடைத்த செய்தி பரவவே, தென்சீனத்துக் குவாங்டுங் மாகாண உழவர் பலர் அதனைப் ‘புதிய பொன்மலை’ என அழைத்துக் கப்பலேறினர். 1855இல் விக்டோரியா அரசு, வந்திறங்கும் சீனர்மீது தலைக்குப் 10 பவுண் வரி விதித்தது. அதனைத் தவிர்க்க விரும்பியோர் அயலிலுள்ள தென் அவுஸ்திரேலியாவின் றோப் துறையில் இறங்கி, 400 கிலோமீற்றருக்கு மேல் நடந்தே பொன்வயல்களை அடைந்தனர்.

பொன் அருகியபோது பலர் தாம் அறிந்த தொழிலுக்கே மீண்டனர். ஆற்றோர நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துக் கோவா முதலிய மரக்கறிகளைப் பயிரிட்டனர். தோளிலே காவுதடி தாங்கி, அதன் இருபுறமும் பூவாளிகளைத் தொங்கவிட்டுப் பாத்திதோறும் நீர் வார்த்தனர். விளைந்தவற்றைக் கூடைகளில் இட்டு, அதே முறையிற் சுமந்து வீடுவீடாக விற்றனர்.

ஆயினும், அவர் விளைத்த கறியை விரும்பிய நாடு அவர்தம் குடும்பத்தை விரும்பவில்லை. 1901ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், ஐரோப்பிய மொழியொன்றிற் சொல்வதெழுதும் பரீட்சை வைத்துப் புதியோரைத் தடுத்தது. மனைவியரை வரவழைத்து நிலையாக வாழ்தல் பெரும்பாலார்க்கு இயலாதாயிற்று. பணம் ஊருக்குப் போயிற்று. முதுமையோ பலர்க்குத் தனிக்குடிலிலே கழிந்தது.

அப்பரீட்சை 1958இல் ஒழிந்தது. உழைப்பை ஏற்று உழைப்பாளனை விலக்குதல் நீதியன்று என்பதற்கு இவர்கள் வாழ்வே சான்று.