தென்னைக்கு ஒரு குழாய், தக்காளிக்கு வேறு குழாய்

"பக்கத்துத் தோட்டத்துல போட்ட பைப்பையே எங்களுக்கும் போட்டுடுங்க!" சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கும்போது பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். சிக்கலே அங்குதான். ஒருமுறை மானியம் பெற்ற நிலத்துக்கு மறுபடி பெற 7 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு என்றால் வெறும் குழாய் போதும். மரத்தடியில் துளையிட்டுச் சொட்டுவான்களைப் பொருத்திக்கொள்ளலாம். இதற்குப் பெயர் 'ஆன்லைன்' (இன்டர்நெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க!). கிணத்துக்கடவு தக்காளி, தொண்டாமுத்தூர் சின்ன வெங்காயம் போல நெருக்கி நடும் பயிர்களுக்குக் குழாய்க்குள்ளேயே சொட்டுவான் பதித்த 'இன்லைன்' வகைதான் சரி. சொட்டுவான் இடைவெளியை மண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மணற்பாங்கான மண்ணில் தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேராக இறங்கிவிடும்; அங்கே 30 செ.மீ. போல நெருக்கமாக வேண்டும். கரிசலில் கொஞ்சம் தள்ளியே இருக்கலாம்.

போர் தண்ணி உப்பா? முதலில் பரிசோதனை செய்துவிடுங்கள். உப்புப் படிந்து அடைத்தால், ஆன்லைன் சொட்டுவானைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். இன்லைனில் அது முடியாது. அமிலம் கலந்த நீர் விட்டுத்தான் கரைக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் பாசி இருந்தால் மணல் வடிகட்டியும் தேவை.

சிறு, குறு விவசாயிகளுக்கு 100%, மற்றவர்களுக்கு 75% மானியம், அரசு நிர்ணயித்த தொகைக்கு உட்பட்டு. சிட்டா, அடங்கல், ஆதார், சிறு-குறு விவசாயி சான்றுடன் வட்டார தோட்டக்கலை அலுவலகத்தை அணுகலாம். நிறுவனத்தார் அளவெடுக்க வரும்போது நீங்களும் கூடவே நில்லுங்கள். இந்தப் பட்டத்துப் பயிரை மட்டுமல்ல, அடுத்து என்ன போடப்போகிறீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.