ஒரு பலகையில் மூன்று பெட்டிகள்

வெனியர் என்றால் நம் வீடுகளில் நல்ல பெயர் இல்லை. ஓரம் உரிந்த மலிவான அலுமாரிதான் உடனே ஞாபகம் வரும். ஆனால் பண்டைய எகிப்தியர் கருங்காலியையும் தந்தத்தையும் மெல்லிய தகடுகளாக்கிச் சாதாரண மரத்தின்மேல் ஒட்டினார்கள். துட்டன்காமுனின் கல்லறையில் கிடைத்த பெட்டிகளிலும் அந்த வேலை இருக்கிறது. அரிய மரத்தை நிறைய இடத்துக்குக் காணச்செய்யும் வழி அது.

எங்களுக்கும் அதுதான் தேவைப்பட்டது. உம்மம்மாவின் பலாமரப் பெட்டகம் வெள்ளத்தில் ஊறி உளுத்துப்போக, மூடியில் மட்டும் ஒரு துண்டு நன்றாக எஞ்சியது: 110 சென்ரிமீற்றர் நீளம், 12 அகலம், தடிப்பு 25 மில்லிமீற்றர். அதை அப்படியே அறுத்தால் ஒரேயொரு பெட்டியின் நான்கு பக்கங்களுக்குத்தான் காணும். உம்மாவோடு பிறந்த சகோதரிகள் இன்னும் இருவர். யாருக்குக் கொடுப்பது?

தச்சு வேலை செய்யும் மாமா அதை 2 மில்லிமீற்றர் தகடுகளாக அறுப்பித்தார். வாள் தின்றதுபோக எட்டுத் தகடுகள். “இது ஏமாற்று இல்லையா மாமா?” என்று கேட்டேன். “உள்ளே என்ன மரம் என்று மறைத்து விற்றால்தான் மகள் ஏமாற்று” என்றார்.

பெட்டியின் உடல் ஒட்டுப்பலகை. மரம் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் தகடு ஒட்டினால் பலகை வளைந்துவிடும். ஆகவே உட்புறமும் அதே தடிப்பில் மலிவான தகடு ஒட்டவேண்டும். கண்ணுக்குப் படாத இந்தப் பக்கத்தில் மிச்சம் பிடிப்பதால்தான் பல அலுமாரிகள் கெட்டுப்போகின்றன என்பது என் எண்ணம். வெள்ளை மரப்பசையை மெல்லிதாகப் பரப்பி, இருபுறமும் தடித்த பலகை வைத்து ஓரிரவு இறுக்கினோம். கசியும் பசை பிடித்துக்கொள்ளாமல் இடையில் மெழுகுத்தாள்.

நான்கு பக்கங்களையும் ஒரே நீளப் பலகையிலிருந்து வரிசை மாறாமல் 45 பாகையில் வெட்டினால் மரத்தின் ரேகை மூலை திரும்பியும் தொடர்ந்து ஓடும். கடைசி மூலையில் மட்டும் பொருந்தாது. அதைப் பின்புறம் விட்டோம். மேற்பலகைக்கு, அடுத்தடுத்து அறுபட்ட இரண்டு தகடுகளைப் புத்தகம் விரித்தாற்போல் வைத்தோம்.

மூடியைத் தனியாகச் செய்வதில்லை. ஆறு பக்கமும் மூடிய பெட்டியாக ஒட்டிவிட்டு, பிறகு சுற்றிவர அறுத்து மூடியைப் பிரிக்கவேண்டும். அப்போதுதான் ரேகை பொருந்தும். நீளப் பக்கங்கள் இரண்டையும் அறுத்ததும், வாள் போன இடைவெளியில் அதே தடிப்பில் சிறு கீற்றுகளைச் செருகவேண்டும். இல்லாவிட்டால் வெட்டு நெரிந்து வாளைப் பிடிக்கும். அறுத்த விளிம்பில் தெரியும் ஒட்டுப்பலகை அடுக்குகளை மறைக்க, மிஞ்சிய தகடுகள் உதவின.

பித்தளைப் பிணைச்சல் இரண்டு. மூடிய பிணைச்சலின் தடிப்பில் பாதியை உடலிலும் பாதியை மூடியிலும் உளியால் குடைந்தோம். பித்தளைத் திருகாணி மென்மையானது, எளிதில் முறியும். முதலில் அதே அளவான இரும்புத் திருகாணியை முறுக்கிப் புரி வெட்டி, அதைக் கழற்றிவிட்டு, பித்தளையைச் சவர்க்காரம் தடவிப் பூட்டவேண்டும்.

மணற்கடதாசியை மூலைகளில் அழுத்தித் தேய்க்கக்கூடாது. இருப்பது 2 மில்லிமீற்றர்தான். பழைய பெட்டகம் கடும் கபிலம். அறுத்த தகடுகளோ வெளிர் மஞ்சள். சாயம் பூசலாமா என்று சாச்சி கேட்டார். மாமா மறுத்துவிட்டார். வெளிச்சம் படப்படப் பலா தானாகவே கறுக்கும்.