கோமாரித் தடுப்பூசி எப்படித் தயாராகிறது?

(வானொலி உழவர் நிகழ்ச்சிப் பேச்சு)

தடுப்பூசி முகாம் என்றதும், "பால் குறைஞ்சிடுங்க, எங்க மாட்டுக்கு வேணாம்" என்று சொல்பவர்கள் உண்டு. ஊசி போட்டும் கோமாரி வந்துவிட்டால், "மருந்தே சரியில்லை" என்று சொல்பவர்களும் உண்டு. அந்த மருந்து உருவாகும் விதம் தெரிந்தால் இரண்டுக்கும் விடை கிடைக்கும்.

கோமாரியை, அதாவது வாய்க்காணை கால்காணையை, உண்டாக்குவது ஒரு வைரஸ். உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே அது பெருகும். அதனால் முதலில் செல்லை வளர்க்க வேண்டும். 1961-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஹாம்ஸ்டர் என்ற எலி வகைக் குட்டியின் சிறுநீரகத்திலிருந்து ஓயாமல் பெருகும் செல் ஒன்றை எடுத்தார்கள். அதன் பெயர் பி.எச்.கே. 21. இன்றும் கோமாரி மருந்துக்கு அதுதான் விதை.

பாலில் உறை ஊற்றுகிற மாதிரி, சத்து நீரில் கொஞ்சம் செல்லை விடுகிறார்கள். சின்னக் கலனில் பெருகியதைப் பெரிய கலனுக்கு மாற்றி, கடைசியில் ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் எஃகுக் கலனுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். காற்றும் புளிப்பும் அளவாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் துடுப்பு மெதுவாகத்தான் சுற்றும். ஓடில்லாத முட்டை போன்றது இந்தச் செல். வேகமாகக் கலக்கினால் உடைந்துபோகும்.

செல் நிறைந்ததும் வைரஸை விடுவார்கள். சுமார் ஒரு நாளில் அது பெருகி, செல்லை வெடித்துக்கொண்டு வெளியே வரும். இனி பிரிக்கும் வேலை. நெல்லையும் பதரையும் தூற்றிப் பிரிக்கிறோம் இல்லையா? அதுபோலச் செல் சக்கையை வடிகட்டி நீக்குகிறார்கள். பாலேடு பிரிக்கும் இயந்திரம் போலச் சுழற்றிப் பிரிப்பதும் உண்டு. பிறகு ரசாயனம் சேர்த்து வைரஸைச் செயலிழக்கச் செய்து, மிக நுண்ணிய சவ்வு வடிகட்டியில் செறிவாக்கி, எண்ணெய் அல்லது அலுமினியக் களியோடு சேர்க்கிறார்கள். சக்கை சரியாக நீங்கினால்தான் மாட்டுக்கு வீக்கமும் ஒவ்வாமையும் குறையும்.

இப்போது முக்கியமான விஷயம். வைரஸ் செயலிழந்தாலும் அதன் உருவம் குலையாமல் இருக்க வேண்டும். அந்த உருவத்தைப் பார்த்துத்தான் மாட்டின் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குகிறது. வெயில் பட்டால் உருவம் சிதறும். உறைந்தாலும் மருந்து கெடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பலன் மட்டும் போய்விடும். ஆகவே 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும்.

முகாமுக்கு வருகிறவரிடம், "மருந்து ஐஸ் பெட்டியில இருக்குங்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். கன்றுக்கு 4 மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, அப்புறம் 6 மாதத்துக்கு ஒருமுறை. போட்ட உடனே காப்பு வந்துவிடாது. இரண்டு மூன்று வாரம் ஆகும். அதனால் நோய் ஊருக்குள் வரும் முன்பே போட்டுவிட வேண்டும்.

ஊசியால் பால் குறைந்தாலும் சில நாளில் தேறிவிடும். கோமாரி கண்ட மாடோ அந்த ஈத்து முழுக்கப் பழைய பாலுக்குத் திரும்பாமல் போகலாம். வாயில்லா ஜீவன் படும் வேதனை வேறு. எது நஷ்டம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.