ஆறாம் ஆள்

ஆட்டக்களத்தின் ஓரத்தில், முறை வரும்வரை வீரர் அமர்ந்திருக்கும் நீண்ட இருக்கையை நாம் வாங்கு என்கிறோம். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல் அது. ‘அவரை வாங்கில் இருத்திவிட்டார்கள்’ என்று எவரேனும் உரைத்தால், கேட்போர் முகத்தில் இரக்கம் தோன்றும். கூடைப்பந்தாட்டத்தை ஊன்றி நோக்குவார்க்கு அவ்விரக்கம் எப்போதும் பொருந்துவதன்று என்பது புலனாகும்.

மொனராகலையைச் சூழ்ந்த தோட்டங்களில் நம் இளைஞர் கரப்பந்தும் கிரிக்கெட்டும் அறிந்த அளவு கூடைப்பந்தை அறியார். கைபேசித் திரையில் அதனைக் கண்டு மகிழும் என் மாணவர் சிலரிடமிருந்தே யானும் அதன் நுட்பங்களைக் கற்றேன். 1891 டிசெம்பரில், அமெரிக்காவின் ஸ்பிறிங்ஃபீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் பீச்சுப்பழக் கூடைகளை மாட்டித் தொடக்கிய ஆட்டம் இது. அணிக்கு ஐவர் களத்தில் நிற்பர். கிரிக்கெட்டின் பன்னிரண்டாம் ஆள் களத்தடுப்பில் உதவலாம். துடுப்பெடுத்தாடுதல் அவர்க்கு இல்லை. உதைபந்தாட்டத்தில் மாற்றப்பட்டு வெளியேறியவர் அவ்வாட்டத்தில் மீள்வது பொதுவாக இல்லை. கூடைப்பந்திலோ ஒருவர் எத்தனை முறையும் வெளியேறலாம், எத்தனை முறையும் உட்புகலாம். வாங்கின் பெருமை இவ்விதியிலிருந்து பிறப்பது.

1950களில் பொஸ்ரன் அணியின் பயிற்சியாளர் றெட் ஓவர்பாக் இதனைக் கண்டுகொண்டார். சிறந்த ஐவரையும் தொடக்கத்திலேயே இறக்காது, பிறாங் றாம்சி என்னும் வல்லாரை வாங்கில் வைத்திருந்து, எதிரணி களைத்த வேளையில் ஏவினார். படையின் முன்னணியைத் தார் என்றும் பின்னணியைக் கூழை என்றும் பெயரிட்டு வேறுபடுத்திய நம் பண்டையோர்க்கு இது வியப்பாயிராது. 1983 முதல் ‘ஆண்டின் சிறந்த ஆறாம் ஆள்’ என ஒரு விருதும் அமெரிக்காவில் வழங்கப்பட்டு வருகிறது.

இம்முறை மூத்த ‘கார்ட்’ ஒருவர்க்கு மிகவும் பொருந்தும். அச்சொல்லைக் காவலர் என மொழிபெயர்த்தால் பொருள் திரிபடையும். பந்தைத் தட்டிக் கொணர்வதும், உரியார்க்குப் பகிர்வதும், தொலைவிலிருந்து எறிவதும் அவர் தொழில். முதற் சில நிமிடங்கள் வெளியே அமர்ந்திருப்பவர், எதிரணியில் எவர் கால் தளர்கிறது, எவர் எப்பக்கம் சாய்கிறார் என்பதனையெல்லாம் கண்டுவிடுகிறார். வயது கவர்ந்த விரைவை அப்பார்வை ஓரளவு ஈடுசெய்கிறது.

ஆர்ஜென்ரீனாவின் மனு ஜினோபிலியை எடுத்துக்கொள்வோம். 1999இல் 57ஆம் ஆளாகத் தெரிவு செய்யப்பட்டவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தம் நாட்டுக்குத் தங்கம் வெல்லத் துணைநின்றவர். அத்தகையாரைச் சான் அன்ரோனியோ அணியின் பயிற்சியாளர் கிறெக் பொபோவிச் வாங்கில் இருத்தினார். 2008இல் ஆறாம் ஆளுக்குரிய விருதை அவர் பெற்றபோது, அப்பருவத்தில் அவ்வணியிற் சராசரியாக மிகுதியான புள்ளிகள் எடுத்தவரும் அவரே! அவர் ஆடிய 1,057 பருவ ஆட்டங்களுள் தொடக்கத்திலேயே களமிறங்கியவை 349 மட்டுமே.

எல்லார்க்கும் இது இயல்வதன்று. அலன் ஐவர்சன், ஒரு காலத்தில் ஈடிணையற்ற கார்ட், 2009இல் மெம்பிஸ் அணியில் வாங்கிலிருந்து எழுந்து ஆட மனம் ஒவ்வாது, மூன்றே ஆட்டங்களுடன் விலகினார். அவரைச் செருக்கர் எனப் பழிப்பதற்கு எனக்கு நா எழவில்லை. நெடுங்காலம் உயர்தர வகுப்பிற்கு இலக்கணம் கற்பித்த என்னை, ஒரு பாடசாலையில், வராத ஆசிரியர்க்குப் பதிலாகச் செல்வோர் பட்டியலில் எழுதினர். அற்றை இரவு எனக்கு உணவு செல்லவில்லை. பட்டியலில் பெயர் இடம் மாறுவது சிறு செய்தி என்பார், அது தமக்கு நேராதார்.

றேய் அலன் அதனை ஏற்றார். மூன்று புள்ளி எறிதலில் அதுவரை எவரும் எய்தாத எண்ணிக்கையை 2011இல் எய்தியவர். 2012இல் மயாமி அணிக்குச் சென்று வாங்கில் அமர்ந்தார். 2013 ஜூன் 18, இறுதிச்சுற்றின் ஆறாம் ஆட்டம். எதிரே ஜினோபிலியின் சான் அன்ரோனியோ. மயாமி மூன்று புள்ளி பின்னிற்கிறது. தோற்றால் கிண்ணம் போயிற்று. எறிந்த பந்து தவறி வெளியே துள்ள, கிறிஸ் பொஷ் அதனைப் பற்றி அலனிடம் வீசினார். அவர் நோக்காமலே பின்னோக்கி அடிவைத்து, கோட்டுக்கு அப்பால் மூலையில் நின்று எறிந்தார். 95 - 95. மணிக்கூட்டில் எஞ்சியவை 5.2 வினாடிகள். தரையில் படுத்தெழுந்து பின்னோக்கி ஓடி எறியும் பயிற்சியை அவர் பல்லாண்டு செய்திருந்தார். அப்போது அவர்க்கு வயது 37. மேலதிக நேரத்தில் மயாமி வென்றது. அடுத்த ஆட்டத்தையும் வென்று கிண்ணத்தைக் கொண்டது.

அவ்வாட்டத்தில் ஜினோபிலி எட்டு முறை பந்தை இழந்திருந்தார். அவர் காலம் முடிந்தது எனப் பலர் எழுதினர். அடுத்த ஆண்டே, 2014இல், அதே மயாமியைச் சான் அன்ரோனியோ நான்குக்கு ஒன்றென வென்றது. ஜினோபிலி அப்போதும் வாங்கிலிருந்தே வந்தார். 2017 மே மாதம் ஹியூஸ்ரன் அணியோடு நிகழ்ந்த ஐந்தாம் ஆட்டமும் மேலதிக நேரத்துக்குச் சென்றது. மூன்று புள்ளி பின்தங்கிய ஹியூஸ்ரனுக்காக, இறுதி வினாடிகளில், இளையவரான ஜேம்ஸ் ஹார்டன் எறிய எழுந்தார். அவர் பின்புறமிருந்து ஒரு கை நீண்டு பந்தைத் தட்டியது. அக்கைக்கு வயது 39.