சத்திரத்தை அளந்து பார்ப்போமா?

ஆர்க்கிடெக்ட் என்றால் யார்? "வீடு கட்டுற இன்ஜினியர்" என்று நிறைய பேர் சொல்வீங்க. இரண்டும் வேறு வேறு. கட்டடம் விழாமல் நிற்க கம்பி, சிமெண்ட் கணக்குப் போடுபவர் இன்ஜினியர். அதுக்குள்ளே மனுஷங்க எப்படி நடப்பாங்க, வெளிச்சம் எந்தப் பக்கம் வரும், காத்து எப்படிப் போகும் என்று யோசித்து வரைபவர் ஆர்க்கிடெக்ட். இந்தப் படிப்புக்கு பி.ஆர்க். என்று பெயர், 5 வருடம். அதில் மாணவர்கள் செய்யும் ஒரு வேலை, நம்மைப் போன்ற கோயில் ஊர்களுக்கு ரொம்பத் தேவையானது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் அளவு, அப்புறம் கற்பனை

ஒரு பழைய சத்திரத்தைக் காட்டி, "இதைத் தங்கும் விடுதியா மாத்துங்க" என்று சொன்னால், மாணவர்கள் உடனே கலர் பென்சிலை எடுக்கக் கூடாது. முதலில் டேப் எடுத்துக்கொண்டு தூண், படி, ஜன்னல், திண்ணை எல்லாத்தையும் அளக்க வேண்டும். பிறகு மூன்று வகைப் படம் வரைய வேண்டும்.

1. தரைப்படம்: பூசணிக்காயைக் குறுக்கே வெட்டி மேலே இருந்து பார்க்கிற மாதிரி.
2. வெட்டுப்படம்: அதே காயை மேலிருந்து கீழே வெட்டிப் பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரி.
3. முகப்புப்படம்: வெட்டாமல் எதிரில் நின்று பார்ப்பது.

1:50 அளவில் வரைந்தால் 5 மீட்டர் திண்ணை தாளில் 10 சென்டிமீட்டர்.

அறையின் மூலை சரியா இருக்கா என்று பார்க்க நம்ம கணக்குப் பாடமே போதும். 12 அடி, 16 அடி அறைக்கு மூலைவிட்டம் 20 அடி வரணும். பிதாகரஸ் தேற்றம்! எங்க நைனா கொத்தனார். அவர் பிதாகரஸ் பேரைக் கேட்டதில்லை. ஆனா 3, 4, 5 என்று கயிறு பிடிச்சுத்தான் மூலை போடுவார். மூலைவிட்டம் இருபதரை அடி வந்தால் மூலை விலகியிருக்கு என்று அர்த்தம். அந்தக் கோணலையும் அப்படியே வரையணும். அழகுக்காக நேராக்கி வரைந்தால் அது பொய்ப்படம்.

இதற்குப் போட்டியும் இருக்கு. நாசா என்றதும் ராக்கெட்டை நினைக்காதீங்க! இந்தியக் கட்டடக்கலை மாணவர்களின் சங்கத்துக்கும் அதே பெயர்தான். 1957-ல் தொடங்கியது. பழைய கட்டடங்களை அளந்து பதிவு செய்யும் மாணவர்களுக்கு லூயி கான் பெயரில் ஒரு கோப்பை கொடுக்கிறார்கள். அகமதாபாத்தில் இருக்கும் ஐ.ஐ.எம். கட்டடத்தை வடிவமைத்த அமெரிக்கர் அவர்.

பழைய சுவர் மூச்சு விடும்

பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியா வெளியே போயிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கும். உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து விழும். அதனால் பழைய கட்டடத்தை விடுதியாக்கும்போது சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பூசணும். குளியலறையைப் பழைய சுவரை ஒட்டாமல் தள்ளி வைக்கணும். முற்றத்தை மூடி அறையாக்கினால் வீடே இருட்டாயிடும்.

செய்து காட்டிய இடங்கள்

செட்டிநாட்டில் கானாடுகாத்தானில் விசாலம் என்ற பெரிய வீடு இப்போது ஓட்டல். சென்னை பக்கம் முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா இருக்கு. 1996-ல் திறந்தார்கள். லாரி பேக்கர் வடிவமைத்தது. பல ஊர்களிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, அங்கே மறுபடி பூட்டியிருக்காங்க. பிரிக்கும் முன் சரியா அளந்து வரையாவிட்டால், எந்த உத்திரம் எந்தத் தூண் மேல் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

நம்ம ஊருக்கு வருவோம்

"விருந்தோம்பல்" இன்று ஓட்டல் தொழில். அன்று அது சத்திரம். தஞ்சை மன்னர் சரபோஜி கட்டிய ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கர்களுக்குச் சாப்பாடு மட்டுமில்லை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இருந்தது.

எங்க ஆயா சொல்வாங்க, ஆடிக் கிருத்திகைக்கு நகரி, சித்தூர் பக்கமிருந்து காவடி தூக்கி வர்றவங்க சத்திரத்துத் திண்ணையிலதான் படுத்துத் தூங்குவாங்களாம், காசே இல்லாம. பல ஊர்களில் இப்படிப்பட்ட சத்திரங்களை இடித்துவிட்டு லாட்ஜ் கட்டிவிட்டார்கள். லாட்ஜில் ரூம் இருக்கு. ரூமுக்குக் காசில்லாதவங்க உட்காரத் திண்ணை இருக்கா?

திருத்தணிக்கு ஒரு மாணவர் விடுதி வரையணும் என்றால் இதையெல்லாம் யோசிக்கணும்: பூக்காவடி குனியாமல் நுழைய உயரமான வாசல். மொட்டை போட்டவங்க குளிக்க இடம். 365 படி ஏறி இறங்கிய வயசானவங்க கால் நீட்ட அகலமான திண்ணை. தமிழிலும் தெலுங்கிலும் பலகை.

சத்திரம் இடிந்தாலும், அளந்து வரைந்த படம் இருந்தால் அதைப் பார்த்து மறுபடி கட்டலாம். படமும் இல்லை என்றால் அப்படி ஒன்று இருந்ததற்கே சாட்சி இல்லை.

நாமும் படிக்கலாம்

பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படித்து, நாட்டா என்ற நுழைவுத் தேர்வு எழுதணும். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்திலேயே இந்தப் படிப்பு இருக்கு. கொத்தனார் வீட்டுப் பொண்ணுங்களும் சேரலாம். பாதிப் பாடம் நாம வீட்டிலேயே பார்த்ததுதானே!

உங்களுக்கு ஒரு வேலை: நம்ம பள்ளி வராண்டாவை அளந்து 1:50-ல் வரைந்து வாங்க. வராண்டா கோணலா இருந்தா கோணலாவே வரைங்க!

- 9ஆம் வகுப்பு மாணவி