மழையில கரைஞ்சு போகாத மருந்து

“ரெண்டு மழை பெய்ஞ்சா அடிச்ச மருந்தெல்லாம் கரைஞ்சு ஓடிரும் சார்” என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். ஓடிரும், சரி. எங்கே போய்ச் சேரும்?

சுவிட்சர்லாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். டிடிடி பூச்சியைக் கொல்லும் என்று 1939-இல் கண்டுபிடித்தவர் அந்நாட்டு வேதியியலாளர் பால் முல்லர். அதற்காக 1948-இல் நோபல் பரிசும் கொடுத்தார்கள். அதே நாடு 1972-இல் டிடிடியைத் தடை செய்தது. கதை முடிஞ்சுதுன்னுதான் நினைச்சிருப்பாங்க.

அங்கே ஆல்ப்ஸ் மலையில் சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் ஓபரார் என்று ஓர் அணை ஏரி. மேலே உள்ள பனியாறு உருகி வரும் தண்ணீர்தான் அதற்கு வரத்து. ஏரியின் அடி வண்டலைப் படிவு படிவாக ஆராய்ந்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். 1960, 70-களின் படிவுகளில் டிடிடி போன்ற நஞ்சுகள் அதிகம். பிறகு குறைந்தன. 1990-களுக்குப் பின் மறுபடி ஏறியிருக்கின்றன! அப்போது அங்கே யாரும் டிடிடி அடிக்கவில்லை.

வயலே இல்லாத மலைக்கு நஞ்சு எப்படிப் போனது? இட்லிப் பானை மூடியைப் பாருங்கள். கீழே கொதிக்கிற தண்ணீர் ஆவியாகி, மூடியில் துளித்துளியாக நிற்கும். அப்படித்தான் இதுவும். சூடான நிலத்திலிருந்து ஆவியான டிடிடி காற்றோடு போய், குளிர்ந்த மலையில் பனியோடு படிந்தது. அதன்மேல் புதுப்பனி விழுந்து மூடியது. குளிரில் அது எளிதில் சிதைவதில்லை. பூமி சூடாகிப் பனி உருகவும், பழைய நஞ்சு தண்ணீரோடு இறங்கிவிட்டது.

எவரெஸ்ட் பனியிலும் டிடிடி இருக்கிறது. நம் நாட்டில் விவசாயத்துக்கு அதைத் தடை செய்தது 1989-இல்தான்.

வங்கியில் இருந்தபோது பயிர்க்கடனில் மருந்துச் செலவுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். கடன் அடைந்ததும் கணக்கை மூடிவிடுவோம். வயலில் அடித்ததன் கணக்கு அப்படி மூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது.

இன்றைய மருந்துகளில் பல டிடிடி அளவுக்கு நீடிக்காது என்பது உண்மைதான். ஆனால் டிடிடி வந்தபோதும் பயமில்லை என்றுதான் சொன்னார்கள்.

இதையெல்லாம் கேட்டவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப கத்தரிக்கு என்னதான் சார் அடிக்கிறது?” என்றார். அன்று சாயங்காலமே 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டோம். மறுநாள் வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பும் கரைத்துச் சேர்த்து, 100 லிட்டராக்கி, வெயில் தாழ்ந்ததும் தெளித்தோம். கைக்கு உறையோ முகத்துக்குத் துணியோ அவர் கட்டவில்லை.